ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியிலும் சைகல்: 1930களின் இந்திப் பாடல்கள் பற்றி ஓர் இழை

காலைஒலி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா போன பங்குனியில் காலமானார். அவருடைய பீரோவை ஒழித்தபோது துணிகளுக்கு அடியில் ஒரு நீள நோட்டு கிடைத்தது. கணக்கு நோட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். கோவையில் ஒரு மில்லில் கணக்கெழுதியவர் அவர். பிரித்துப் பார்த்தால் உள்ளே முழுக்க இந்திப் பாட்டுகளின் முதல் வரிகள். 1969இல் தொடங்கி 1974 வரை, தேதி போட்டு, தமிழ் எழுத்தில்.

அப்பாவுக்கு இந்தி பேசவும் வராது, படிக்கவும் வராது. காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறார். 'தங்கம்' என்ற சொல்லில் வரும் க போல ஒலிக்கும் இடங்களில் எழுத்துக்குக் கீழே சின்னதாக ஒரு கோடு. 'பந்து' என்று சொல்லும்போது முதலில் வரும் ப போல ஒலித்தால் அதற்கும் ஒரு கோடு. தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். "துக் கே தின் அப் பீத்தத் நாஹீ" என்று ஒரு வரி. தேடிப் பார்த்தேன், 1935இல் வந்த 'தேவதாஸ்' பாட்டு. இப்படி ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்கத் தொடங்கி இப்போது இரண்டு மாதம் ஆகிறது.

மூன்று விஷயம் புரியவில்லை.

முதலாவது, ஒவ்வொரு நாளின் பட்டியலிலும் கடைசிப் பாட்டு கே.எல். சைகல் பாடியது. அதற்கு மேலே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. ஒரு நாள்கூட மாறவில்லை. ஏன்?

இரண்டாவது, "பாலம் ஆயே பஸோ மேரே மன் மே" என்ற பாட்டுக்குப் பக்கத்தில் அப்பா எழுதியிருப்பது: "பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறார். மற்றவர்கள் மேடையில் நின்று பாடுகிறார்கள்." இது வெறும் ரசனையா, இல்லை இதற்குக் காரணம் ஏதாவது உண்டா?

மூன்றாவது, சரஸ்வதி தேவி, ரத்தன் பாய், கே.சி. டே என்று நிறையப் பெயர்கள். இவர்களெல்லாம் யார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

யாழ்கேட்பவன் எழுதியது:

காலைஒலி, முதலில் உங்கள் இழப்புக்கு என் அனுதாபம்.

உங்கள் முதல் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியும். அந்த நோட்டு இலங்கை வானொலியைக் கேட்டு எழுதியது. இந்திச் சேவையில் காலை 7:30 முதல் 8 மணி வரை பழைய படப் பாடல்கள் போடுவார்கள். அந்த அரை மணி நேரம் ஒவ்வொரு நாளும் சைகல் பாட்டோடுதான் முடியும். பல பத்தாண்டுகள் அது மாறவே இல்லை. எங்கள் வீட்டில் ஐயா அந்தப் பாட்டு தொடங்கினால்தான் சைக்கிளை வெளியே எடுப்பார். எட்டு மணி ஆகப் போகிறது என்பதற்கு அதுதான் எங்களுக்கு மணி. உங்கள் அப்பா போட்ட சிவப்புக் கோடும் அநேகமாக அதுதான்: இனி ஒரு பாட்டு, பிறகு வேலைக்குக் கிளம்பவேண்டும்.

கொழும்பிலிருந்து வந்த அலைவரிசையை இந்தியா முழுக்க ஏன் கேட்டார்கள் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1952இல் பி.வி. கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சரான பிறகு அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் சுருங்கிப் போனது. பாட்டு கேட்க விரும்பியவர்கள் எல்லோரும் முள்ளைத் திருப்பி எங்கள் பக்கம் வந்தார்கள்.

ஊசிமுனை எழுதியது:

நான் 78 தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய கிராமபோன் தட்டுகள்) சேர்ப்பவன். முப்பது வருடப் பழக்கம். காலைஒலி, அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். அன்றைக்கு என்ன ஒலித்தது என்பதற்குக் கேட்டவர் கையெழுத்தில் ஒரு பதிவு இருப்பது சாதாரண விஷயம் இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் போகும் முன் அடிப்படையாக ஒன்று சொல்கிறேன். இதைப் புரிந்துகொள்ளாமல் அந்தக் காலப் பாட்டைக் கேட்டால் பாதி தவறிப் போகும். அன்று படத்தில் வந்த பாட்டும் தட்டில் வந்த பாட்டும் ஒன்றல்ல. படத்தில் பாடியது படப்பிடிப்பில், காமெரா முன்னால். தட்டுக்குப் பாடியது பிறகு தனியாக, கம்பெனியின் பதிவு அறையில். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், கொஞ்சம் கூட என்றால் மூன்றரை, அவ்வளவுதான் பிடிக்கும். அதற்குள் அடங்கும்படி பாட்டைச் சுருக்கியோ மாற்றியோ பாடுவார்கள். வானொலியில் வந்தது பெரும்பாலும் தட்டுதான். அதனால் உங்கள் அப்பா கேட்டது தட்டுச் சைகலை.

ஆரம்ப வருடங்களில் தட்டே கிடையாது. இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் வந்தது. ஏழு பாட்டு. அதில் பக்கீர் வேடத்தில் வசீர் முகம்மது கான் பாடிய "தே தே குதா கே நாம் பர் ப்யாரே"தான் இந்தியத் திரையின் முதல் பாட்டு. பின்னால் ஹார்மோனியமும் தபலாவும் மட்டும். அந்தப் பாட்டு எதுவும் தட்டாக வரவில்லை. படத்தின் பிரதியும் இன்று இல்லை. நாடே கியூவில் நின்று கேட்ட குரல், இன்று எங்கேயும் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

எப்படி எடுத்தார்கள் என்பதை, படத்தை இயக்கிய அர்தேஷிர் இரானியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒலி புகாத ஸ்டுடியோ அன்று கிடையாது. அவருடைய இம்பீரியல் கம்பெனிக்குப் பக்கத்திலேயே தண்டவாளம். ரயில்கள் ஓய்ந்த இரவு நேரத்தில்தான் பெரும்பாலும் படம் பிடித்தார்கள். மைக்கைக் காமெரா கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்கள். பாடுகிறவர் அந்த மைக்குக்குக் கேட்கும்படி பாட வேண்டும், முகமும் நடிக்க வேண்டும், ஒரு எழுத்து பிசகினால் எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும்.

தாரஸ்தாயி எழுதியது:

பாட்டு சொல்லிக் கொடுப்பவள் என்ற முறையில் அந்த இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். காலைஒலி, உங்கள் அப்பா எழுதியது வெறும் ரசனை இல்லை. அச்சு அசலாக உண்மை. இரண்டே வரியில் அவர் சொன்னதைத்தான் நான் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் விளக்குவேன்.

1932இல் பிரபாத் கம்பெனி எடுத்த 'அயோத்தியேச்சா ராஜா' இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அதே படத்தை இந்தியிலும் எடுத்தார்கள். அரிச்சந்திரனாக வருபவர் கோவிந்தராவ் டெம்பே. மராத்தி சங்கீத நாடக மேடையில் பழுத்தவர், பெரிய ஹார்மோனிய வித்வான், படத்துக்கு இசையும் அவர்தான். அவர் பாடுவதைக் கேளுங்கள். குரல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரை நோக்கிப் போகும். மைக் இல்லாத கொட்டகையில் பல வருடம் பாடிய தொண்டை வேறு எப்படிப் பாடும்? மேல் சுருதி, திறந்த வாய், ஒவ்வொரு சொல்லையும் தூக்கி எறிகிற மாதிரி ஒரு அழுத்தம். பார்சி நாடகக் கம்பெனிகளிலிருந்து வந்தவர்களும் அப்படித்தான். அது குறை இல்லை. அந்த இடத்துக்கு ஏற்ற வித்தை அது.

அப்புறம் சைகலுக்கு வாருங்கள். ஜம்முவில் 1904இல் பிறந்தவர். ரயில்வேயில் வேலை பார்த்திருக்கிறார், ரெமிங்டன் டைப்ரைட்டர் விற்றிருக்கிறார். நாடகக் கம்பெனித் தொண்டை அவருக்கு இல்லை. மைக் ஒரு காது என்பதைப் புரிந்துகொண்டு அந்தக் காதுக்கு மட்டும் பாடினார். குரலைத் தணித்தார். சொல்லின் கடைசியில் மூச்சை விட்டார். 'தேவதாஸ்' படத்திலேயே "பியா பின் நாஹீ ஆவத் சைன்" என்று ஒரு டும்ரி (இந்துஸ்தானி இசையில் ஒரு பாடல் வகை) வரும். அது உஸ்தாத் அப்துல் கரீம் கானின் புகழ்பெற்ற உருப்படி. கான் சாகேப் தட்டில் அதை விரித்துப் பாடுவார். சைகல் அதையே குடித்துத் தளர்ந்த ஒருவனின் முனகலாக்கிவிட்டார். ஸ்வரம் ஒன்றும் கெடவில்லை, ஆனால் பாட்டு உடம்புக்குள் இறங்கிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

(கான் சாகேப் நமக்கும் அந்நியர் இல்லை. தியாகராஜர் கிருதியைத் தட்டில் பாடியவர். 1937இல் பாண்டிச்சேரிக்குப் போகும் வழியில் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில்தான் அவர் உயிர் பிரிந்தது. அந்தப் பக்கம் ரயிலில் போகும்போதெல்லாம் நான் பிளாட்பாரத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.)

சுதிப்பெட்டி எழுதியது:

தாரஸ்தாயி அம்மா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒரு இடத்தில் உடன்பாடு இல்லை. திரைப்பாட்டை மாற்றியது மைக் அல்ல, பின்னணிப் பாடல் முறைதான் என்பது என் எண்ணம். அதற்கு முன் பாடத் தெரிந்தவர்தான் நடிக்க முடியும் என்ற கட்டாயம் இருந்தது. பாட வராத நடிகருக்குப் பாட்டையே எளிமையாக்க வேண்டியிருந்தது. 'அச்சூத் கன்யா'வில் (1936) அசோக் குமாரும் தேவிகா ராணியும் பாடும் "மே பன் கீ சிடியா"வைக் கேளுங்கள். இனிமையான மெட்டுதான், ஆனால் குழந்தைகள் பாட்டு மாதிரி நாலு ஸ்வரத்துக்குள் சுற்றி வருகிறது. பம்பாய் டாக்கீஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவரைத் திடீரென்று கதாநாயகனாக நிறுத்தினால் வேறு என்ன செய்ய முடியும்?

பின்னணி வந்ததும் அந்தச் சங்கிலி அறுந்தது. குரல் விடுதலை ஆனது. அது இல்லாமல் நாற்பதுகளின் பெரிய பாட்டுகள் எதுவும் வந்திருக்காது.

ஹௌராமெயில் எழுதியது:

இருபத்திரண்டு வருடம் கல்கத்தாவில் இருந்தவன். 'தேவதாஸ்' பற்றிப் பேச்சு வந்ததும் அதை எடுத்த நியூ தியேட்டர்ஸ் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

பி.என். சர்க்கார் 1931இல் டாலிகஞ்சில் தொடங்கிய கம்பெனி அது. யானை முத்திரை. இசைக்கு ராய்சந்த் போரால், பங்கஜ் மல்லிக், திமிர் பரன். பாடுவதற்கு சைகல், கே.சி. டே, உமாசசி, பஹாரி சன்யால், பிறகு கானன் தேவி. இப்படி ஒரு கூட்டம் ஒரே கூரைக்குக் கீழே இன்னொரு முறை சேர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சுதிப்பெட்டி சொன்ன பின்னணிப் பாடலும் அங்கேதான் நடந்தது. 1935, நிதின் போஸ் இயக்கிய 'தூப் சாவ்ன்', வங்காளியில் 'பாக்ய சக்ர'. ஒலிப்பதிவு நிதினின் தம்பி முகுல் போஸ். பங்கஜ் மல்லிக் சொன்ன கதை இது: அவரை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போக நிதின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். உள்ளே பங்கஜ், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தட்டோடு கூடவே பாடிக்கொண்டிருக்கிறார். குரல் தட்டிலிருந்து வருகிறதா மனிதரிடமிருந்து வருகிறதா என்று பிரிக்க முடியவில்லை. நிதினுக்கு அங்கேயே பொறி தட்டியது. பாட்டை முன்பே பதிந்து ஒலிக்கவிட்டு, வாயை மட்டும் அசைக்கச் சொன்னால் என்ன? அப்படி வந்ததுதான் "மே குஷ் ஹோனா சாஹூ(ம்)". பாருல் கோஷ், சுப்ரபா சர்க்கார் முதலியோர் பாடினார்கள்.

கே.சி. டே யார் என்று காலைஒலி கேட்டிருந்தார். கிருஷ்ண சந்திர டே. சிறு வயதிலேயே பார்வை போனவர். 'பூரண் பகத்'தில் (1933) "ஜாவோ ஜாவோ ஏ மேரே ஸாது", 'தூப் சாவ்ன்'-இல் "பாபா மன் கீ ஆங்க்கே(ன்) கோல்". மனக்கண்ணைத் திற என்று பொருள். பார்வையில்லாத ஒருவர் அதைப் பாடுகிறார். நான் முதல் முறை கேட்டபோது வீட்டில் யாரும் இல்லை, விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். மன்னா டே இவருடைய அண்ணன் மகன்தான், பாட்டு கற்றதும் இந்தச் சித்தப்பாவிடம்தான், வங்காளிகள் 'காக்கா' என்பார்கள்.

தாரஸ்தாயி எழுதியது:

சுதிப்பெட்டி, நீங்கள் சொல்லும் விடுதலையை நான் மறுக்கவில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள். 'தேவதாஸ்' வந்ததும் 1935, 'தூப் சாவ்ன்' வந்ததும் 1935. பின்னணி முறை வேரூன்றும் முன்னாலேயே சைகல் அந்தக் குரலைக் கண்டுபிடித்துவிட்டார். பின்னாளில் பின்னணி பாடியவர்கள் எல்லோரும் அவர் போட்ட தணிந்த குரல் என்ற பாதையில்தான் நடந்தார்கள். முகேஷும் கிஷோர் குமாரும் ஆரம்பத்தில் சைகல் மாதிரியே பாடியது எல்லோருக்கும் தெரியும். மைக்குக்கு முன் நிற்கக் கற்றுக்கொடுத்தது அவர்.

பம்பாய் டாக்கீஸ் பாட்டு எளிமை என்று சொன்னீர்கள். அந்த எளிமைக்குப் பின்னால் யார் என்று பார்க்க வேண்டாமா? காலைஒலி கேட்ட சரஸ்வதி தேவிதான். உண்மைப் பெயர் குர்ஷித் மினோசர் ஹோம்ஜி. பார்சிப் பெண். இந்துஸ்தானி இசை அறிஞர் பாத்கண்டேயிடம் சாஸ்திரீய சங்கீதம் பயின்றவர். பம்பாய் டாக்கீஸை நடத்திய ஹிமான்ஷு ராய் அவரையும் தங்கை மாணிக்கையும் அங்கே அழைத்தபோது பார்சி சமூகத்தில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது, நம் வீட்டுப் பெண்கள் சினிமாவிலா என்று. அதனால்தான் இருவருக்கும் பெயரே மாறியது. அக்கா சரஸ்வதி தேவி, தங்கை சந்திரபிரபா. 'ஜவானி கீ ஹவா' (1935) படப்பிடிப்பில் தங்கைக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, தங்கை வாயசைக்க, அக்கா மறைவில் நின்று பாடினார். பின்னணிக் குரலின் தொடக்கம் என்று கல்கத்தாவை மட்டும் சொல்கிறோம். அதே வருடம் பம்பாயில், தொண்டை கட்டிய ஒரு தங்கைக்காக அதுவே நடந்திருக்கிறது.

பாடத் தெரியாத அசோக் குமாரை உட்கார வைத்து, அவர் குரல் எங்கே தாங்கும், எங்கே தாங்காது என்று பார்த்துப் பார்த்து மெட்டமைத்தவர் அவர். சாஸ்திரீயம் முழுக்கத் தெரிந்த ஒருவர் நாலு ஸ்வரத்தில் நிறுத்துவது வித்தை குறைந்ததால் இல்லை. 'ஜீவன் நையா'வில் (1936) அசோக் குமார் பாடிய "கோயி ஹம்தம் ந ரஹா"வைக் கேளுங்கள். அதே பாட்டைத் தம்பி கிஷோர் 1961இல் 'ஜும்ரூ'வில் பாடி ஊரெல்லாம் தெரிந்தது. அண்ணனின் நடுங்கும் குரலில் கேட்டால் பாட்டின் எலும்பு தெரியும்.

திண்ணைவாசி எழுதியது:

குறுக்கே ஒரு சந்தேகம். 'இந்திர சபா'வில் (1932) எழுபத்தொரு பாட்டு என்று எங்கு பார்த்தாலும் இருக்கிறதே, ஒரே படத்தில் அத்தனை எப்படி முடியும்?

ஊசிமுனை எழுதியது:

எண்ணிக்கை 69 என்பவர்களும் உண்டு, 71 என்பவர்களும் உண்டு. கல்கத்தா மதன் தியேட்டர்ஸ் எடுத்த படம், மாஸ்டர் நிசாரும் ஜஹனாரா கஜ்ஜனும் ஜோடி. லக்னோவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட பாட்டு நாடகம் அது. வசனம் பேசும் இடத்திலும் பாட்டாகவே பேசுவார்கள். நம் தெருக்கூத்தில் ஒருவர் வரவே ஒரு விருத்தம், கேள்விக்கு ஒரு பாட்டு, பதிலுக்கு ஒரு பாட்டு என்று வருமே, அப்படி நினைத்துக்கொண்டால் எண்ணிக்கை பெரிதாகத் தோன்றாது.

அப்புறம் ஒரு வருத்தம். போன மாதம் ரத்தன் பாய் பாடிய 'யஹூதி கீ லட்கி' (1933) தட்டு ஒன்றை வெளியூரிலிருந்து வரவழைத்தேன். "அப்னே மௌலா கீ மே ஜோகன் பனூங்கி". கூரியரில் வந்த பெட்டியைத் தூக்கும்போதே உள்ளே கலகலவென்று சத்தம். பிரிக்கவே கை வரவில்லை. மூன்று துண்டு. 78 தட்டு அரக்கால் ஆனது, தட்டினால் கண்ணாடி மாதிரி உடையும். துண்டுகளை மேசை மேல் சேர்த்து வைத்துப் பார்த்தேன், லேபிள் மட்டும் முழுசாக இருந்தது. தட்டு அனுப்புகிறவர்கள் தயவுசெய்து இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்து, நிமிர்த்தி நிற்கும்படி கட்டுங்கள். துடைக்கும்போது ஸ்பிரிட் தொடவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

ஹௌராமெயில் எழுதியது:

ஊசிமுனை அண்ணா, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

தட்டும் படமும் வேறு என்று சொன்னீர்களே, அதற்கு "பாபுல் மோரா"வை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. 1938, 'ஸ்ட்ரீட் சிங்கர்', இயக்கம் பணி மஜும்தார், உடன் நடித்தது கானன் தேவி. அதற்குள் பின்னணி முறை வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. முன்பே பதிந்துவிட்டு வாயசைத்தால் போதும். ஆனால் தெருப் பாடகன் தெருவில் நடந்துகொண்டுதான் பாடுவான், அதனால் நானும் நடந்துகொண்டேதான் பாடுவேன் என்று சைகல் பிடிவாதம் பிடித்தார். அவர் நடக்க நடக்கப் படத்தில் விழாத தூரத்தில் மைக்கும் வாத்தியக்காரர்களும் கூடவே நகர்ந்தார்கள். படத்துண்டு கிடைக்கிறது, பாருங்கள். கழுத்தில் ஹார்மோனியம். வரிகளுக்கு நடுவே மூச்சு வாங்குவது, நடையின் ஆட்டத்தில் சொல் கொஞ்சம் உதறுவது எல்லாம் அதில் இருக்கும். தட்டில் அந்த உதறல் இல்லை, குரல் நிதானமாக நிற்கும். இரண்டும் எனக்கு வேண்டும்.

ராகம் இந்துஸ்தானி பைரவி. நம் கச்சேரி பைரவி வேறு. இது கேட்பதற்கு சிந்துபைரவிக்குப் பக்கத்தில் இருக்கும். பாட்டை எழுதியவர் அவத்தின் கடைசி நவாப் வாஜித் அலி ஷா என்பது வழிவழியாக வரும் செய்தி. 1856இல் ஆங்கிலேயர் அவரிடமிருந்து லக்னோவைப் பறித்துக்கொண்டார்கள். கல்யாணமான பெண் பிறந்த வீட்டை விட்டுப் போகும்போது அப்பாவிடம் சொல்வது போலப் பாட்டு. நான்கு பேர் பல்லக்கு தூக்குகிறார்கள். பல்லக்கு என்று கேட்டாலும் பாடைதான் நினைவுக்கு வருகிறது. நம் ஊரிலும் நாலு பேர் என்றால் அர்த்தம் அதுதானே.

நவாப் வந்து சேர்ந்தது கல்கத்தாவின் மட்டியாபுருஜ். 1887இல் இறந்தார். அங்கே சிப்தைனாபாத் இமாம்பாராவில் (ஷியா முஸ்லிம்களின் மொகரம் மண்டபம்) அடக்கம். நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். வெளியே தெரு முழுக்கத் தையல் மெஷின் சத்தம், உள்ளே நுழைந்ததும் அமைதி. அங்கிருந்து டாலிகஞ்ச் ஸ்டுடியோ ரொம்ப தூரம் இல்லை. ஊரை இழந்த அரசனின் பாட்டை, ஐம்பது வருடம் கழித்து அதே நகரத்தில், ஜம்முவிலிருந்து வந்த ஒருவர் தெருவில் நடந்தபடி பாடியிருக்கிறார்.

சுதிப்பெட்டி எழுதியது:

நேற்று இரவு படத்துண்டையும் தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். ஒத்துக்கொள்கிறேன், படத்தில் வரும் குரல் முன்பே பதிந்து வாயசைத்திருந்தால் வந்திருக்காது. பின்னணி முறை பெரிய வரம் என்ற என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அது வந்தபோது ஒன்று போனது என்பதும் உண்மை. பாடும்போது ஒரு மனிதரின் கழுத்தும் தோளும் என்ன செய்கின்றன என்பதை அதற்குப் பிறகு நாம் திரையில் பார்க்கவே இல்லை.

தாரஸ்தாயி எழுதியது:

நன்றி சுதிப்பெட்டி. போனவற்றில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலைஒலியின் நோட்டில் 'பாய்' என்று முடியும் பெயர்கள் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். ரத்தன் பாய், வஹீதன் பாய், ஜத்தன் பாய். ஆண்களின் பெயரில் வரும் பாய் இல்லை. பரம்பரையாகச் சபைகளில் பாடிவந்த பெண்களுக்கு வடக்கே வழங்கிய பட்டம். நம் பக்கத்தில் தேவதாசி மரபிலிருந்து வந்தவர்களை எண்ணிக்கொள்ளுங்கள். பேசும்படம் வந்தபோது பாடவும், நல்ல உருதுவைச் சுத்தமாக உச்சரிக்கவும், நாலு பேர் முன் கூசாமல் நிற்கவும் தெரிந்த பெண்கள் இவர்கள்தான். இவர்கள் இல்லாவிட்டால் முதல் பத்து வருடம் சினிமாவில் பெண் குரலே இருந்திருக்காது. ஜத்தன் பாய் 'தலாஷ்-எ-ஹக்' (1935) படத்துக்கு இசையே அமைத்தார். அதில் குழந்தை நட்சத்திரமாக வந்த அவருடைய மகள்தான் பின்னாளில் நர்கிஸ். இஷ்ரத் சுல்தானா, பிப்போ என்று அழைப்பார்கள், அவரும் 1934இலேயே 'அதல்-எ-ஜஹாங்கீர்' படத்துக்கு இசையமைத்துவிட்டார். முதல் பெண் இசையமைப்பாளர் சரஸ்வதி தேவியா, பிப்போவா, ஜத்தன் பாயா என்று சண்டை போடுகிறோமே தவிர, முப்பதுகளிலேயே மூன்று பேர் இருந்தார்கள் என்பதைக் கொண்டாடுவதில்லை. பிறகு நாற்பதுகளின் கடைசியில், தனிவாழ்க்கை சரியில்லாதவர்கள் வானொலியில் பாடக் கூடாது என்று உத்தரவு வந்தது. இந்தப் பெண்களைத் தள்ளி வைக்கத்தான் அது.

பெயர் விஷயத்தில் நான் கோபப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பின்னணி வந்தபிறகு நீண்ட நாள் பாடியவர் பெயரையே தட்டில் போடவில்லை. 1949இல் 'மஹல்' படத்தின் "ஆயேகா ஆனேவாலா" தட்டில் பாடியவர் 'காமினி' என்று அச்சாகியிருந்தது. அது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். பாடியது லதா மங்கேஷ்கர்.

யாழ்கேட்பவன் எழுதியது:

தமிழோடு உறவு உள்ள ஒருவரை யாரும் இன்னும் சொல்லவில்லை. பிரபாத்தின் சாந்தா ஆப்தே. 'அம்ருத் மந்தன்' (1934), 'துனியா ந மானே' (1937) இரண்டிலும் நடித்துப் பாடியவர். 'துனியா ந மானே'யில் பின்னணி இசையே கிடையாது, வீட்டிலும் தெருவிலும் இயல்பாகக் கேட்கும் ஓசைகள்தான். கிழவருக்குக் கட்டிவைக்கப்பட்ட பெண்ணாக அவர் பாடும்போது பாட்டு அழுகையாக வராது, எதிர்ப்பாக வரும்.

அவர் தமிழ் கற்று, 1941இல் 'சாவித்திரி'யில் தானே பேசித் தானே பாடினார். நாரதராக எம்.எஸ். சுப்புலட்சுமி. இரவல் குரல் வைத்துக்கொள்ள வசதி வந்துவிட்ட காலம் அது. இருந்தும் ஒரு மராத்திப் பெண் தமிழை நாக்கில் பழக்கிப் பாடினாள் என்றால் அந்தத் தலைமுறையின் பிடிவாதம் அதுதான். தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' (1931) எடுக்கப்பட்டதும் பம்பாயில் அதே இம்பீரியல் ஸ்டுடியோவில்தான். டி.பி. ராஜலட்சுமியும் அந்த ரயில் சத்தத்துக்கு நடுவில்தான் பாடியிருப்பார்.

காலைஒலி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரமாக நீங்கள் எழுதியதை ஒரு பக்கமும் நோட்டை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு படிக்கிறேன். தாரஸ்தாயி அம்மா சொன்னது சரி, 'பாய்' என்று முடியும் பெயர்கள் பதினொன்று எண்ணினேன். "பியா மிலன் கோ ஜானா" என்ற வரிக்குப் பக்கத்தில் அப்பா "நடக்கிற பாட்டு" என்று மட்டும் எழுதியிருக்கிறார். அது யார்?

ஹௌராமெயில் எழுதியது:

பங்கஜ் மல்லிக், 'கபால் குண்டலா', 1939. காதலனைச் சந்திக்கப் போக வேண்டும், எப்படிப் போவது என்று பாடுவது. தாளமே காலடி மாதிரி விழும். இந்தி தெரியாமல் அதை நடக்கிற பாட்டு என்று எழுதியிருக்கிறாரே! உங்கள் அப்பாவோடு ஒரு காலை உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

காலைஒலி எழுதியது:

இன்று நோட்டின் கடைசிப் பக்கங்களுக்கு வந்தேன். 1973இல் ஒரு நாள், ஐப்பசி மாதம். தேதி இருக்கிறது. கீழே வழக்கமாக எட்டு ஒன்பது பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் "கரண்ட் இல்லை" என்று ஒரே வரி. எங்கள் வீட்டு ரேடியோ கரண்டில் ஓடுகிற மரப்பெட்டி ரேடியோ, அது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குக் கீழே முழுப் பக்கமும் வெறுமை. பக்கத்தின் அடியில் வழக்கம்போலச் சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே: "சைகல். கேட்கவில்லை."